வலது பக்கம் குறைகிறது

வலது பக்கம் குறைகிறது. இடது உள்ளங்கையில் புகை சூடாக வந்து மோதுகிறது, டப்டப்டப் என்று ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தெரிகிறது. வலது உள்ளங்கையில் வந்தும் வராமலும் ஏதோ படுகிறது, பக்கத்து அறையில் ஓடுகிற மின்விசிறிக் காற்றைப் போல. ஆக வலது கார்பரேட்டர்தான். வலது பக்கத் திருகைக் கொஞ்சம் உள்ளே முறுக்க வேண்டும். முறுக்கலாம், என்ன அவசரம். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்துக்குப் பின்னால் மணைக்கட்டையைப் போட்டு, இரண்டு சைலன்சர்களுக்கும் நேராக ஒரு சாண் தள்ளி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மார்கழியில் குளிர் காய்கிறவள் மாதிரி இருப்பேன். தெருவில் போகிறவர்கள் பார்த்தால் வசந்தாமணிக்குப் புருஷனோடு சேர்ந்து புத்தியும் போய்விட்டது என்பார்கள். சொல்லட்டும். புருஷன் எங்கேயும் போகவில்லை, இதோ போர்டிகோத் தூணுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை மாட்டி, பித்தான் போட்டுவிட்டு அழைத்து வந்தேன். மேல் பித்தான் திறந்து கிடக்கிறது. போட்டதாகத்தான் ஞாபகம். நாளைக்கு ஆயுத பூஜை. மற்ற வீடுகளில் வண்டியைக் கழுவிப் பொட்டு வைப்பதோடு சரி. எங்கள் வீட்டில் முந்தின நாளே இந்த வண்டியின் இரண்டு கார்பரேட்டர்களையும் ஒன்றுபோல மூச்சுவிட வைத்த பிறகுதான் சந்தனம், குங்குமம் எல்லாம். இந்த வருஷம் நான் தனியாகச் செய்கிறேன். மதியத்துக்குள் நவநீதன், எங்கள் ஒரே மகன், பெங்களூரிலிருந்து காரில் வந்துவிடுவான். வந்த கையோடு அப்பாவை ஏற்றிக்கொண்டு போய் அன்னூர் ரோட்டில் இருக்கிற முதியோர் இல்லத்தில் விடுவதாக முடிவாகியிருக்கிறது. அங்கே நர்ஸ் இருக்கிறார்களாம், தோட்டம் இருக்கிறதாம், வாரம் ஒருமுறை பஜனை உண்டாம். இவருக்குப் பஜனை என்றால் சுத்தமாக ஆகாது. நானும் சரி என்றுதான் சொன்னேன். சொன்னதும் அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன்.

எழுந்து முன்னால் போகிறேன். முட்டி வலிக்கிறது, அது மட்டும் நன்றாக வலிக்கிறது. பெட்ரோல் டாங்கிக்குக் கீழே, என்ஜினுக்குப் பின்னால், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கார்பரேட்டர்கள், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. என் நாத்தனார் இந்த வண்டியை என் மூத்தாள் என்பாள். 'உன்ற மூத்தாளுக்கு எண்ணெய் தேச்சாச்சா' என்று கேட்பாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே மில்லில் ஓவர்டைம் பார்த்து வாங்கிய முந்நூத்தம்பது சிசி மோட்டார் சைக்கிள். ஒற்றை சிலிண்டர் வண்டியாக இருந்தால் ஒருவரே சரி பார்த்துவிடலாம். இதற்கு இரண்டு. ஒன்று அதிகம் குடித்து ஒன்று குறைவாகக் குடித்தால் வண்டி நொண்டும், நடுங்கும், மேட்டில் இழுக்காது. முன்னால் ஒருவர் திருகைப் பிடிக்க வேண்டும், பின்னால் ஒருவர் கை காட்ட வேண்டும். மெக்கானிக்கிடம் கொடுக்க மாட்டார். மெக்கானிக் காதை வைத்துப் பார்க்கிறான், மில் இரைச்சலில் இருந்த எனக்குக் காதும் இல்லை கீதும் இல்லை, உன் கைதான் புள்ள எனக்கு மீட்டர் என்பார். கல்யாணமான புதிதில் அரிசி களைந்துகொண்டிருந்தவளை அப்படியே கூட்டிவந்து உட்கார வைத்தார். "எடது?" "வருதுங்க." "வலது?" "இதுல சாஸ்தி வருதுங்க, சுடுது." வலதைக் குறைத்தார். குறைத்த வண்டியில் என்னை மேட்டுப்பாளையம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார், வழி நெடுக அது விக்கிக்கொண்டே போனது. காரமடையில் டீக்கடையில் நிறுத்தி யோசித்தவர் திடீரென்று என் வலது கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். காலையில் அரிசி களைந்து பச்சைத் தண்ணீரில் கிடந்த கை. சில்லென்றிருந்த கைக்கு அந்தப் பக்கம் அதிகமாகச் சுட்டிருக்கிறது. வண்டி மேல் தப்பே இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், நான் எதைச் சொன்னாலும் ஒரு தடவை, "கை மாத்திப் பாரு புள்ள" என்பார். கைகளைக் குறுக்கே போட்டு, இந்தக் கையை அந்தப் பக்கமும் அந்தக் கையை இந்தப் பக்கமும் வைத்துச் சொல்ல வேண்டும். எனக்கு ரோஷம். ஒருநாள் சொன்னேன், என்ற கைக்கு வண்டியத் தெரியுமுங்க, மாத்தறதெல்லாம் வேண்டாமுங்க என்று. அதோடு கேட்பதை விட்டுவிட்டார். என்ன நினைத்துக்கொண்டிருந்தேன், திருகு. வலது திருகைக் கால் சுற்று உள்ளே. திருப்புளி விரலில் நிற்காமல் வழுக்குகிறது. என்ஜின் சத்தம் கொஞ்சம் ஏறுகிறது.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷை நழுவவிட்டார். அதை எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. வலது கை, வலது கால், வாயின் வலது ஓரம். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசி முனையை வைத்து உள்ளங்காலில் இழுத்து, குத்துதுங்களா என்று கேட்டார். ஆமா என்றார். ஊசியை எடுத்துவிட்டு மறுபடி, இப்பக் குத்துதுங்களா? ஆமா. அன்றைக்கிலிருந்து அவரிடம் இருப்பது அந்த ஒரு வார்த்தைதான். தண்ணி வேணுமா, ஆமா. வேண்டாமா, ஆமா. கோபமாக ஆமா, கெஞ்சலாக ஆமா, தூக்கத்தில் ஆமா. வாழ்நாள் முழுக்க நான் சொன்ன எதற்கும் ஒரு தடவைகூட ஆமா சொல்லாத மனுஷன். இதை நினைத்தால் முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, இப்போது அதுவும் வருவதில்லை. நவநீதன் போன தடவை வந்தபோது அவர் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அப்பா, நான் நவநீதனுங்களா?" ஆமா. "நான் கலெக்டருங்களா?" ஆமா. "அம்மா செத்துப் போச்சுங்களா?" ஆமா. அதற்கு மேல் அவனால் கேட்க முடியவில்லை. வெளியே வந்து செருப்பு வைக்கிற இடத்தில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். "உள்ள ஆளே இல்லீங்கம்மா. நீங்க யாருக்கு ஊட்டறீங்க, யார்கூடப் பேசறீங்கன்னே தெரியல." "அவரு கண்ணப் பாரு கண்ணு. தெரியுது." "என்ன தெரியுது? ஒண்ணே ஒண்ணு, அப்பாவுக்குப் புரியுதுன்னு ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, நான் கம்முனு போயர்றேன்." காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. வாய் மட்டும் இருந்தது. "எனக்குக் கையும் காலும் இருக்கற வரைக்கும் நான் பாத்துக்குவேன், நீ போ" என்றேன். அவன் மெதுவாக, "அதுக்கப்பறம்?" என்றான். கெட்ட பையன் இல்லை. ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று அவன் சொன்னபோதெல்லாம் வேண்டாம் என்றது நான். அந்நிய ஆள் வந்து இவருக்குத் துணி மாற்றுவதா என்று. அப்புறம் போன வாரம் குளியலறையில் விழுந்தார். விழுந்தார் என்று சொல்கிறேன், நான்தான் விட்டேன். எப்போதும்போல வலது கையை அவர் அக்குளுக்குள் கொடுத்துத் தூக்கினேன், பிடி இருக்கிறது என்று நினைத்தேன், இருக்கவில்லை. சோப்பு நுரை என்று நினைத்தேன். ஈரத்தரையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம், பக்கத்து வீட்டு மோகனா வந்து தூக்குகிற வரைக்கும். மோகனா நவநீதனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். அவன் திட்டவில்லை. "போதுங்கம்மா" என்றான். எனக்கும் போதும் என்றுதான் இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது. பயமாக இருக்கிறது என்று சொல்கிறேனே தவிர அந்தப் பயமும் தூரத்தில் எங்கேயோ இருக்கிறது.

மறுபடி மணைக்கட்டை. கைகளை நீட்டுகிறேன். இடது இன்னும் தெளிவாக, வேகமாக வருகிறது, ஏனென்றால் வண்டியின் வேகமே கூடியிருக்கிறது. வலது குறைகிறது. அப்படியேதான் இருக்கிறது. இவ்வளவு முறுக்கியும் ஏறவில்லை என்றால் உள்ளே அடைத்திருக்குமோ, ஆடியிலிருந்து ஓடாத வண்டி, பெட்ரோல் வற்றிக் கசடு படிந்திருக்கலாம். காலையில் உதைத்ததும் உடனே பிடித்துக்கொண்டதே, கசடு இருந்தால் பிடிக்குமா. வலது கை விரல்களை விரித்துப் பார்க்கிறேன். ஆள்காட்டி விரலின் ஓரத்தில் ஒரு கொப்புளம். நீர் கோத்து, பளபளப்பாக. இது எப்போது வந்தது? தோசைக் கல்லாக இருக்கும். நேற்றா, இன்றைக்கா. சுட்டதாக ஞாபகமே இல்லை. அந்த அளவுக்கா நினைவு இல்லாமல் அடுப்படியில் நிற்கிறேன். முந்தாநாள் காபி டம்ளர் கையில் இருக்கிறது என்று நினைத்து நடந்துகொண்டிருந்தேன், சத்தம் கேட்டுத் திரும்பினால் டம்ளர் தரையில் உருண்டு கொண்டிருக்கிறது. மோகனா சொன்னாள், "அக்கா, உங்களுக்கு மனசு மரத்துப் போச்சுங்கக்கா, ஒரு பாட்டம் அழுதுருங்க, எல்லாம் சரியாயிரும்." அழுதால் சரியாகும் என்றால் அழுதுவிட்டுப் போகிறேன், அழுகை எந்தக் கடையில் விற்கிறது. காலையில் எழுந்திருக்கிறேன், அவரைத் திருப்பிப் போடுகிறேன், முதுகு துடைத்துப் பவுடர் போடுகிறேன், ரசத்தில் சாதத்தைக் கரைக்கிறேன். ஒரு கரண்டி, ஆமா. இன்னொரு கரண்டி, ஆமா. எல்லாவற்றையும் வேறு யாரோ செய்கிறாள், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்னூர் ரோட்டுக்கு அவர் போன பிறகு அவளுக்கு என்ன வேலை என்று யோசித்தால் ஒன்றுமே தோன்றவில்லை. காலையில் எழுந்ததும் முதலில் எதைச் செய்வாள். வண்டியை யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். கொடுக்கிற வண்டி நொண்டக் கூடாது. அதற்காகத்தான் செய்கிறேன் என்று வைத்துக்கொள்ளலாம். எழுந்து போய் இன்னும் கால் சுற்று. இப்போது வண்டி கத்துகிறது, தகரக் குரலில், முன்னால் இருக்கிற கண்ணாடி படபடவென்று ஆடுகிறது. இது சரியான சத்தம் இல்லை என்று காதுக்குத் தெரிகிறது. ஆனால் கை குறைகிறது என்கிறதே. முப்பது வருஷத்துக்கு மேல் நம்பிய கை.

அவர் என்னவோ செய்கிறார். மடியில் துண்டை மடித்து அதன் மேல் வைத்திருக்கிற வலது கையை, இடது கையால் மணிக்கட்டோடு பிடித்துத் தூக்கி, நாற்காலியின் இடது கைப்பிடி மேல் போடுகிறார். செத்த கை, தொப்பென்று விழுகிறது. பிறகு இடது கையை அதற்கு மேலாக நீட்டி வலது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார். உடம்பு கோணிக்கொண்டு நிற்கிறது. "ஏனுங்க, அப்படி முறுக்குனா தோள்பட்டை போயிருமுங்க" என்று போய்ப் பிரித்து, கையை எடுத்து மடியில் துண்டின் மேல் ஒழுங்காக வைக்கிறேன். மேல் பித்தானையும் போடப் பார்க்கிறேன், வரவில்லை, விட்டுவிடுகிறேன். "ஆமா" என்கிறார். "என்ன ஆமா?" "ஆமா, ஆமா." எச்சில் வடிகிறது, துடைக்கிறேன். போன் அடிக்கிறது. நவநீதன். "அம்மா, அவிநாசி தாண்டிட்டனுங்க. அப்பாவுக்குத் துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டீங்களா?" "வெச்சாச்சு கண்ணு." "அதென்னங்கம்மா சத்தம்?" "வண்டி." "எந்த வண்டி? நம்ம வண்டியா? இன்னைக்கு எதுக்குங்கம்மா அதெல்லாம்?" "நாளைக்கு ஆயுத பூஜையாச்சே." "சரி, வந்தர்றேன்" என்கிறான். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடியும் அதே. வலது கை இடது கைப்பிடியில், இடது கை குறுக்கே போய் வலது கைப்பிடியில். கோணல் வாய் இறுகி, நெற்றியில் வேர்த்திருக்கிறது. இப்படி அர்த்தமில்லாமல் கையைக் காலை இழுப்பார்கள், கண்டுகொள்ள வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பினார்கள். மறுபடி பிரித்து வைக்கிறேன். கொஞ்சம் கோபமாகவே வைக்கிறேன். "கம்முனு இருங்க, நானே வலது பக்கம் வராம அல்லாடிக்கிட்டு இருக்கறேன்." மணைக்கட்டையில் வந்து உட்கார்ந்து கைகளை நீட்டுகிறேன். வலது குறைகிறது. நிமிர்ந்தால், வண்டியின் சீட்டுக்கு அந்தப் பக்கம், அவர் மூன்றாவது முறையாகச் செத்த கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். தூக்குகிறார், கைப்பிடியில் போடுகிறார், நல்ல கையைக் குறுக்கே நீட்டுகிறார். என்னைப் பார்க்கிறார். நான் அவர் கைகளைப் பார்க்கிறேன். என் கைகளைப் பார்க்கிறேன்.

கை மாத்திப் பாரு புள்ள. அவர் சொல்லவில்லை, அவரால் சொல்ல முடியாது, ஆனால் காரமடை டீக்கடையிலிருந்து எனக்குக் கேட்கிறது. கைகளைக் குறுக்கே போடுகிறேன். இடது கையை வலது சைலன்சருக்கு. அது ஓங்கி அடிக்கிறது, பொசுக்கிவிடும்போல, அறைகிற மாதிரி, நான் முறுக்கிய கால் சுற்றுகள் எல்லாம் அந்த உள்ளங்கையில் வந்து விழுகின்றன. வலது கையை இடது சைலன்சருக்கு. இத்தனை நேரம் டப்டப்பென்று சூடாக வந்துகொண்டிருந்த அதே இடது பக்கத்துக்கு. வந்தும் வராமலும். பக்கத்து அறை மின்விசிறி. கையை இன்னும் கிட்டே கொண்டுபோகிறேன், இன்னும் கிட்டே, சைலன்சர் வாயிலேயே வைத்துவிடுகிறேன். உள்ளங்கை கறுக்கிறது. கறுப்பது தெரிகிறது. எடுத்துவிட்டுத் திருப்புளி முனையை ஒவ்வொரு விரலாகக் குத்திப் பார்க்கிறேன். தோல் குழிகிறது, வெளுக்கிறது, மறுபடி சிவக்கிறது. குத்துதுங்களா. வண்டிக்கு ஒன்றும் இல்லை. கார்பரேட்டருக்கு ஒன்றும் இல்லை. கொப்புளம், டம்ளர், மேல் பித்தான். சோப்பு நுரை இல்லை. நான் அன்றைக்கு அவரை விட்டது நுரையால் இல்லை. எத்தனை நாளாக? அவர் பாரத்தைத் தாங்கித் தாங்கிப் போனதோ, சர்க்கரையோ, வேறென்னவோ. மனசுதான் மரத்திருக்கிறது என்று நானும் நம்பி, மோகனாவும் நம்பி. எழுந்து போய் வலது திருகை நான் முறுக்கிய அத்தனையும் வெளியே எடுத்தேன், இடது கையால். கோணல்மாணலாகத்தான் வந்தது, வந்தது. வண்டி இறங்கி, இறங்கி, அமைதியாகி, பழைய குரலுக்கு வந்து நின்றது. கண்ணாடி ஆடுவது நின்றது. பின்னால் வந்து இடது கையை மட்டும் வைத்து முதலில் இந்தப் பக்கம் பார்த்தேன், அப்புறம் அந்தப் பக்கம். இரண்டும் ஒன்று. போன வருஷம் அவர் வைத்த இடத்தில் அப்படியே இருந்திருக்கிறது. தொட்டிருக்கவே வேண்டாம். "ரெண்டும் ஒண்ணாட்ட வருதுங்க" என்றேன். "ஆமா" என்றார். கைகளை அவரே பிரித்து, செத்த கையை அவரே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவருக்குத் தெரிகிறது. ஆள் உள்ளே இருக்கிறார். இத்தனை நாளும் உள்ளே இருந்துகொண்டு, மகன் கேட்டதையெல்லாம் கேட்டுக்கொண்டு, அம்மா செத்துப் போச்சா என்பதற்கும் ஆமா என்று வாயில் வருவதைத் தடுக்க முடியாமல் இருந்திருக்கிறார். நவநீதன் கேட்ட ஒண்ணே ஒண்ணு கிடைத்துவிட்டது. வாசலிலேயே காட்டலாம். என்ன காட்டுவது? அவர் கையை மாற்றிப் போட்டார் என்று சொல்வேன். எதற்கு என்பான். நான் தப்பாகப் பார்த்தேன் என்பேன். ஏன் தப்பாகப் பார்த்தீர்கள் என்பான். சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது. அவருக்குப் புத்தி இருக்கிறது என்பதற்கு என் கையில் இருக்கிற ஒரே சாட்சி, என் கை போய்விட்டது என்பது. ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்லியாக வேண்டும். கையும் காலும் இருக்கற வரைக்கும் என்று சொன்ன வாய். சொல்லாமல் விட்டால்? உள்ளே ஆள் இல்லை என்று நினைத்து அவனும் நிம்மதியாகக் கொண்டுபோய் விடுவான், அங்கே இவர் பஜனைக்கு நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் ஆமா சொல்லிக்கொண்டிருப்பார். சொன்னால்? சொன்னால் யார் தூக்குவது, யார் குளிப்பாட்டுவது. ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றானே, அதை இன்னும் ஒரு தடவை சொல்வானா, நான் அவன் வாயை அடைத்த பிறகும். நான் நடந்துபோய் அவர் நாற்காலிக்கு இடப்பக்கம், அவரைப் போலவே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "ஏனுங்க, என்ற கை போயிருச்சுங்களா?" என்று கேட்டேன். குனிந்து பார்க்கவில்லை. "ஆமா" என்றார். எதற்கும் சொல்கிற அதே ஆமாதான்.

கார் வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. நவநீதன் இறங்கி, கேட்டைத் திறந்து, ஓடிக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்தான், புகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தாடி விட்டிருக்கிறான், கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது, அவனும் தூங்குவதில்லை போலிருக்கிறது. சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தான். திடீரென்று தெரு முழுக்க அமைதியாகிவிட்டது. "அப்பாவ ரெடி பண்ணீட்டீங்களா?" என்றான். சட்டையைப் பார்த்துவிட்டு வந்து குனிந்து மேல் பித்தானைப் போட்டுவிட்டான். "கண்ணு, உங்கப்பாவுக்கு எல்லாந் தெரியுது" என்றேன். நிமிராமலே, "சரிங்கம்மா" என்றான், எத்தனையோ தடவை கேட்டதுதானே என்கிற மாதிரி. "இல்ல சாமி. இன்னைக்கு எனக்கு ஒண்ணு சொன்னாரு." "என்ன சொன்னாரு, ஆமாவா?" "என்ற வலது கை செத்துப் போச்சுன்னு சொன்னாரு. எனக்கே தெரியல. அவருதான் கண்டுபிடிச்சாரு. நான் தனியாப் பாக்க முடியாது இனி. எனக்கு ஆள் வேணும். அவரையும் அனுப்ப மாட்டேன்." இவ்வளவும் என் வாயிலிருந்துதான் வந்தது, ஒரே மூச்சில். நவநீதன் என் முகத்தைப் பார்க்கவில்லை, அப்பா முகத்தையும் பார்க்கவில்லை, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எதையோ பார்த்துக்கொண்டு நின்றான். என்னத்தைப் பார்க்கிறான் என்று நானும் குனிந்து பார்த்தேன். அவருடைய இடது கை என் வலது கையை விரலோடு விரல் கோத்து, கணுக்கள் வெளுக்க இறுக்கிப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தார் என்று எனக்குத் தெரியவில்லை.